வீட்டு வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை: டெல்டாவில் கார் இல்லாமல் வேலைக்குப் போவது எப்படி?

கும்பகோணத்தில் ரயில் ஏறினால் தாராசுரம், சுந்தரபெருமாள் கோவில், பாபநாசம், அய்யம்பேட்டை, பசுபதிகோவில் என்று வரிசையாக ஸ்டேஷன்களைத் தாண்டித் தஞ்சாவூர் வந்துவிடும். மொத்தமே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். கிழக்கே போனால் திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் பக்கம் சாலியமங்கலம், நீடாமங்கலம், கொரடாச்சேரி. இந்தப் பாதைகளை ஒட்டிக் குடியிருக்கும் பலருக்கு ஸ்டேஷன் நாலைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. தரையும் சமதளம், மேடு என்றால் ஆற்றுப் பாலத்தின் ஏற்றம்தான்.

அப்படியும் கார் வாங்க வைப்பது அந்த நாலு கிலோமீட்டர்தான். நீண்ட தூரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு, வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியைச் சைக்கிளால் அடைக்கும் முறைதான் இது. ஏற்கெனவே கார் வைத்திருப்பவர்கள் உடனே விற்க வேண்டாம். ஒரு மாதம் சாவியை பீரோவில் வைத்துவிட்டுச் செய்து பாருங்கள்.

முதல் படி: கணக்கு

ஒரு வாரம் எங்கெல்லாம் போனீர்கள், எத்தனை கிலோமீட்டர், கூட யார், கையில் என்ன சுமை என்று எழுதுங்கள். கும்பகோணம்–தஞ்சாவூர் போய்வர 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு 5 லிட்டர். மாதம் 25 நாளைக்கு 125 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் 12,500 ரூபாய். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். மாதத்துக்கு ஏறக்குறைய 290 கிலோ, ஒரே ஆள் ஆபீஸ் போய்வர. இன்சூரன்ஸ், சர்வீஸ், தவணை எதையும் இன்னும் சேர்க்கவில்லை.

இரண்டாம் படி: ரயிலும் மாற்று வழியும்

திரும்பி வரும் ரயிலை முதலில் பாருங்கள். காலையில் போக ரயில் கிடைத்துவிடும்; சாயங்காலம் வேலை முடிந்து ஸ்டேஷன் வருவதற்குள் ரயில் போய்விட்டால் திட்டமே சரிந்துவிடும். கும்பகோணம் வழி மெயின் லைன் ஒற்றைப் பாதை. எதிர் ரயிலுக்காகக் கிராசிங்கில் நிறுத்துவார்கள் என்பதால் பத்துப் பதினைந்து நிமிடத் தாமதத்தைக் கணக்கில் வைத்தே நேரம் குறியுங்கள். ஒரு ரயிலை மட்டும் நம்பாதீர்கள். அது போனால் எந்த பஸ், எங்கே ஏறுவது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையம் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம், புதிய பேருந்து நிலையம் நன்றாகத் தள்ளி இருக்கிறது. எந்த பஸ் எந்த நிலையத்துக்குப் போகிறது என்று நடத்துநரிடம் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

முதல் வாரம் அன்றாட டிக்கெட்டிலேயே போய்ப் பாருங்கள். சரிப்பட்டால் சீசன் டிக்கெட் எடுங்கள். 150 கிலோமீட்டர் வரை சீசன் உண்டு. மூன்று மாதச் சீசன், மாதச் சீசனை மூன்று முறை எடுப்பதைவிட மலிவு. முன்பதிவுப் பெட்டியில் சீசன் செல்லாது, சூப்பர்ஃபாஸ்ட் ரயிலுக்குத் தனிக் கட்டணம் சேரும். புதியவர்கள் அபராதம் கட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான். அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும். செயலியில் எடுப்பவர்கள் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். சோதனையின்போது காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் வைப்பார்கள்.

தமிழ்நாட்டில் 2021 மே முதல் அரசு டவுன் பஸ்ஸில், சாதாரணக் கட்டணச் சேவையில், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டுத் தெருவுக்கு அப்படி ஒரு பஸ் நேரத்துக்கு வந்தால் அவர்களுக்குச் சைக்கிளே தேவைப்படாது.

மூன்றாம் படி: சைக்கிள்

ஸ்டேஷனில் நாள் முழுக்க நிற்கப் போகிற வண்டிக்கு கியர் வேண்டாம். மட்கார்டு, கேரியர், செயின் கவர், உறுதியான ஸ்டாண்டு உள்ள சாதாரண வண்டி போதும். பழைய வண்டி வாங்கினால் நாலு இடம் பாருங்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய்க்கு அடியிலும் பெடல் அச்சைச் சுற்றியும் பெயிண்ட் கோடு விட்டிருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம், வாங்காதீர்கள். பெடல் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக்கூடாது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ரிம் பிரேக் கட்டையில் உரசாமல் ஓட வேண்டும். கடைசியாகச் செயின்: ஒரு ஊசியின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணி அளந்தால் சரியாக 12 அங்குலம் வரவேண்டும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. பல் சக்கரமும் தேய்ந்திருக்கும், இரண்டுக்கும் சேர்த்து விலை பேசுங்கள்.

சீட் உயரத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை அடியோடு இறக்கிவிட்டு, பத்தாம் நாள் முழங்கால் வலிக்கிறது என்பார்கள். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் அதுதான் சரியான உயரம். மிதிக்கும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் கால் லேசாக மடங்கும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து இறங்கி ஊன்றப் பழகிக்கொள்ளுங்கள்.

காற்று வாரம் ஒருமுறை. அளவு டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 26 அங்குல அகல டயருக்குப் பெரும்பாலும் 40 முதல் 65 பி.எஸ்.ஐ. பின் சக்கரம்தான் சுமை தாங்குகிறது, அதற்குச் சற்றுக் கூட. காற்று குறைந்தால் மிதிக்கப் பாடுபடுவதோடு, குழியில் விழும்போது டியூப் ரிம்மில் நசுங்கிப் பாம்புக்கடி போல இரண்டு ஓட்டை விழும்.

நம் பக்கத்துப் பஞ்சருக்கு முக்கியக் காரணம் சீமைக்கருவேல முள். அதை ஒட்டும் முறையைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை விட்டது. முதலில் வால்வு வாயில் ஒரு துளி தண்ணீர் வையுங்கள். குமிழி வந்தால் டியூபில் குற்றமில்லை, சின்ன ரப்பர்க் குழாய் உள்ள பழைய வால்வாக இருந்தால் அதை மாற்றினாலே போதும். வராவிட்டால் டியூபைக் கழற்றிக் காற்றடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். நன்றாகத் துடைத்து, ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேயுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்கு, ஐந்து நிமிடமாவது காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ரப்பர்த் துண்டை ஒட்டுவதால்தான் மறுநாளே பிரிகிறது. ஒட்டி, அழுத்திப் பிடித்துவிட்டு, டியூபை உள்ளே போடுவதற்கு முன் டயரின் உட்பக்கத்தை ஒரு பழைய துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். முள்ளின் முனை ஒடிந்து ரப்பருக்குள் தங்கியிருந்தால் துணியின் நூல் அதில் மாட்டும். விரலால் தடவாதீர்கள், குத்தும். அந்த முனையைப் பிடுங்காமல் டயரை மாட்டினால் அடுத்த தெருவிலேயே மறுபடி பஞ்சர்.

நான்காம் படி: ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிடம்?

அவசரப்படாமல் மிதித்தால் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர். நாலு கிலோமீட்டருக்கு 20 நிமிடம் வையுங்கள், வண்டியை ஸ்டாண்டில் விட்டுப் பூட்ட இன்னும் 5. உங்கள் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் ஏற வேண்டிய ரயிலுக்காகவே கேட்டை மூடுவார்கள். கேட் மூடும் நேரத்துக்கு முன் தாண்டும்படி கிளம்புங்கள். மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது குற்றம், அதைவிட, உயிர்.

பின்சக்கர வளையப் பூட்டு மட்டும் போதாது, வண்டியை அப்படியே தூக்கிப் போய்விடலாம். சங்கிலிப் பூட்டை ஃபிரேமுக்குள் விட்டு நிலையான கம்பியோடு சேர்த்துப் பூட்டுங்கள். முழு சைக்கிளைப் பயணிகள் பெட்டிக்குள் ஏற்ற முடியாது. இறங்கும் ஊரிலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகவேண்டியிருந்தால் அங்கே ஸ்டாண்டில் இன்னொரு பழைய வண்டியை மாத வாடகை கட்டி நிறுத்தி வையுங்கள். ஆடம்பரம் போலத் தோன்றும். ஷேர் ஆட்டோவுக்குத் தினமும் கொடுப்பதைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: பருவம் பார்த்து ஓட்டுவது

ஆடியில் காற்று மேற்கிலிருந்து வீசும். அம்மியே பறக்கும் காற்றில் எதிர்த்து மிதித்தால் 20 நிமிடப் பாதை 30 ஆகும். ஸ்டேஷன் உங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்தால் அந்த மாதம் முழுக்கக் காலையில் பத்து நிமிடம் முன்னதாகவே புறப்படுங்கள்.

அறுவடைக் காலத்தில், குறிப்பாகச் சம்பா முடியும் தையிலும் மாசியிலும், பாதிச் சாலையில் நெல் காயும். காய்ந்த நெல்மணி சக்கரத்துக்கு அடியில் உருளும். அதன் மேல் பிரேக் பிடிக்கவும் கூடாது, ஹேண்டிலைத் திருப்பவும் கூடாது. முன்பே வேகத்தைக் குறைத்து நேராகப் போங்கள். இரவில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் மூடி, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். அந்தக் கல்லில்தான் பலர் விழுகிறார்கள், அதனால் முன்னால் பேட்டரி விளக்கு கட்டாயம். டைனமோ விளக்கு வண்டி மெதுவாகும்போது மங்கிவிடும். பின்னால் சிவப்பு விளக்கு. வைக்கோல் பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் மிதித்து அறுக்கப் பார்க்காதீர்கள், இன்னும் இறுகும். சக்கரத்தைத் தூக்கிப் பின்பக்கமாகச் சுழற்றிக்கொண்டே உருவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் வழுக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் ரிம்மில் உள்ள தண்ணீர் வழித்துப்போகும், அதன் பிறகுதான் பிடிப்பு வரும். வெயில் காலத்தில் மரநிழலோடு சுகமாக இருக்கும் ஆற்றங்கரை மண் பாதையை மழையில் மறந்துவிடுங்கள். வண்டல் களிமண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரமே சுற்றாது. மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருந்தால் ஒரு குச்சியால் தள்ளி எடுக்கலாம்.

சுமையும் அவசரமும்

காய்கறி, மளிகைக்குக் கேரியர் போதும். பழைய டியூபை நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டிக் கட்டினால் கயிற்றைவிட இறுக்கமாக நிற்கும்; 25 கிலோ அரிசி மூட்டையைக் கட்டினால் ஏறி ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வாருங்கள். பீரோ, கட்டில் என்றால் குட்டியானை வண்டி. நள்ளிரவில் உடம்புக்கு முடியாமல் போனால் 108. அது தவிர, தெருவில் இருக்கும் இரண்டு ஆட்டோக்காரர்களின் எண்ணை வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள். வருஷத்தில் நாலைந்து கல்யாணம், குலதெய்வக் கோயில் பயணத்துக்கு வாடகைக் கார் எடுங்கள். அந்தச் செலவையும் முதல் படியில் எழுதிய நோட்டிலேயே எழுதுங்கள். ஒரு மாதப் பெட்ரோலோடு ஒப்பிடலாம்.

மாதம் முடிந்து சைக்கிள் பழகியதும், புரட்டாசியிலேயே ஒருநாள் கடையில் விட்டு ஓவராயில் செய்துவிடுங்கள். இரண்டு சக்கர அச்சு, பெடல் அச்சு, ஹேண்டில் கிண்ணம் நான்கிலும் குண்டுகளைக் கழுவிப் புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டையையும் மாற்றுங்கள். மழை பிடித்துவிட்டால் கடையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், மூன்று நாள் ஆகும் என்பார்கள்.