தோல் நோயைப் படத்தில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேட்டில் மீன் சுத்தம் செய்யும் அக்கா ஒருவர் போனை நீட்டி, "இதே மாதிரிதாம்பா எனக்கும் கீது" என்றார். போனில் இருந்தது விரலிடுக்கில் வந்த சொறிசிரங்கின் படம். அவர் கையில் இருந்ததோ, நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் ஊறி, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே தோல் வெளுத்து உரிந்த பூஞ்சைப் புண். ராத்திரியில் அரிப்பு கூடுகிறதா, வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா என்று கேட்டோம். இல்லவே இல்லை என்றார். சிரங்காக இருந்தால் இரண்டுக்கும் பெரும்பாலும் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். ஒரே மாதிரி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு.

அடுத்தது, சிவப்பைத் தேடுவது. பழைய தோல் நோய்ப் படத் தொகுப்புகளில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். நம் நிறத்தில் அழற்சி பெரும்பாலும் சிவப்பாகத் தெரியாது. கரும்பழுப்பாக, ஊதாவாக, சில நேரம் சாம்பலாகத் தெரியும். சொரியாசிஸை 'இளஞ்சிவப்புத் திட்டு' என்று மனப்பாடம் செய்தவர், வியாசர்பாடியில் ஊதா கலந்த சாம்பல் திட்டைப் பார்த்தால் திணறத்தான் செய்வார். பக்கத்தில் உள்ள நல்ல தோலோடு ஒப்பிட வேண்டும். புறங்கையால் தொட்டு, சூடும் தடிப்பும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிப்பவர்கள் கருநிறத் தோல் படங்களைத் தேடிப்பிடித்துப் பார்ப்பது நல்லது.

நான் அதிகம் பார்ப்பது, ஏற்கெனவே என்ன தடவினார்கள் என்று கேட்காமல் விடுவது. படர்தாமரை என்றால் புத்தகத்தில் அழகான வட்டம், மேடான ஓரம், நடுவில் தெளிந்த தோல். எங்கள் பக்கம் அது அப்படியே வருவது அபூர்வம். அதற்குள் மெடிக்கலில் ஒரு ட்யூப் வாங்கித் தடவியிருப்பார்கள். அதில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் போன்ற கடுமையான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கிவிடும், 'ஆஹா, நல்ல மருந்து' என்று தோன்றும். பூஞ்சையோ சத்தமில்லாமல் பரவும். வட்டம் உடைந்து, ஓரம் மங்கி, வட்டத்துக்குள் வட்டமாகக்கூட மாறும். இதைப் படத்தோடு பொருத்திப் பார்த்தால் கரப்பான் (எக்சிமா) என்று தோன்றும். கரப்பானுக்கு இன்னொரு ஸ்டீராய்டு! 2018-லேயே ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்துவிட்டது. கடையில் கேட்டால் இன்றும் கிடைக்கிறது, அது வேறு கதை. அதனால் ட்யூபைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர் மறந்தாலும் அட்டையில் இருக்கும்.

வெளிர் திட்டு இன்னொரு பொறி. குழந்தையின் கன்னத்தில் வெளுப்பு வந்தால் வயிற்றில் பூச்சி என்று பூச்சி மருந்து கொடுத்துவிடுவார்கள். தேமல், வெண்புள்ளியின் தொடக்கம், தொழுநோய் எல்லாமே போட்டோவில் வெளிர் திட்டுதான். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டுப் பாருங்கள். உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயா என்று உடனே பரிசோதிக்க வேண்டும். முகத்தில் மட்டும் இந்தச் சோதனையை நம்பிவிடக் கூடாது, அங்கே உணர்ச்சி குறையாமலும் இருக்கலாம். தொழுநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும்.

அக்கிக்குக் காவி பூசிய பிறகு போட்டோ அனுப்புவார்கள். கொப்புளமே தெரியாது. வைரஸை அடக்கும் மருந்தை, அக்கி தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன், காவி காயும்வரை காத்திருக்க நேரமில்லை.

போட்டோ எடுப்பதென்றால் ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். பியூட்டி மோடையும் பிளாஷையும் அணைத்துவிடுங்கள். தள்ளி நின்று ஒன்று, கிட்டத்தில் ஒன்று; அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். அப்புறம், படம் பார்த்துப் படிப்பவர்கள் கீழே உள்ள பெயரைக் கையால் மறைத்துவிட்டு, தட்டையா மேடா, நீர் கோத்திருக்கிறதா, ஓரம் எப்படி, உடம்பில் எந்த இடம் என்று முதலில் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு கையை எடுங்கள்.