குளிர்ப் பகுதிப் பாம்புகளின் உடல் அளவை அளப்பதும் காரணத்தைப் பிரித்தறிவதும்

குளிர்ப் பகுதியில் சிறிய பாம்புகள் கிடைத்தால் பலரும் உடனே குளிரைக் காரணம் சொல்லிவிடுகிறார்கள். அளந்த முறை சரியாக இல்லாதவரை அந்த முடிவுக்கு மதிப்பில்லை.

ஒப்பிடுவதற்கு மூக்கு நுனி முதல் கழிவுத்துளை வரையான நீளமே வேண்டும். பலவற்றில் வால் நுனி அறுந்திருக்கும். ஆணுக்கு வாலும் நீளம். கையால் இழுத்து அளந்தால் உடல் நீண்டுவிடும், முதுகெலும்புக்கும் ஆபத்து. ஃபோம் விரித்த பெட்டியில் பாம்பை வைத்து, ஒளிபுகும் அக்ரிலிக் தகட்டால் மெல்ல அழுத்துங்கள். அது அசையாமல் இருக்கும்போது நடுமுதுகை ஒட்டித் தகட்டின் மேல் மார்க்கரால் கோடு போட்டு, கோட்டின் மேல் நூலை வளைத்துவைத்து அளங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். கழிவுத்துளை அடிப்பக்கம் இருப்பதால் வாலைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். நச்சுப்பாம்பு என்றால் தலைப்பகுதி ஒளிபுகும் குழாய்க்குள் இருக்கட்டும். இது அனுமதியும் பயிற்சியும் உள்ளவர் வேலை.

எடைக்கு முதலில் வெறும் பையை நிறுங்கள். வயிற்றில் இரை புடைத்திருப்பவற்றையும் சூல் கொண்டவற்றையும் தனியாகக் குறியுங்கள். கலந்தால் எடைக்கணக்கு குழம்பிவிடும்.

அதிகம் தவறு நடப்பது பருவத்தில். ஐரோப்பிய விரியனில் ஆண்கள் வசந்தத்தில் பெண்களுக்குச் சில வாரம் முன்பே வெளிவரும்; பெண்கள்தான் பெரியவை. வசந்தத் தொடக்கத்தில் மட்டும் பிடித்தால் சராசரி தாழ்ந்துவிடும். பாலினம் பிரிக்காத பட்டியல் ஒப்பிடவே உதவாது.

அடுத்து இரையைப் பாருங்கள். பால்டிக் கடல் பகுதியில் விரியன்களின் அளவு, அவை உண்ணும் வயல் வோல் எலியின் அளவோடு சேர்ந்து மாறுகிறது. ஆஸ்திரேலியத் தீவுகளில் புலிப்பாம்பு, கடற்பறவைக் குஞ்சு கிடைக்கும் மவுண்ட் சாப்பல் தீவில் பருத்தும், சிறு பல்லிகளை நம்பும் தீவுகளில் சிறுத்தும் இருக்கிறது. உங்கள் இடத்து எலிகளையும் எடைபோட்டுப் பதியுங்கள்.

வெயில் கணக்கு அதற்குப் பிறகு. கனடாவின் மானிட்டோபா மாகாணத்தில், நார்சிஸ் என்ற இடத்துக் குழிகளில், கார்ட்டர் என்னும் வட அமெரிக்கப் பாம்புகள் ஆண்டில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் கழிக்கின்றன. வளர மிச்ச மாதங்கள்தான். காற்று வெப்பநிலையை நம்பாதீர்கள்: வட நாடுகளில் தெற்கு நோக்கிய பாறைச் சரிவு அடுப்புபோல் சூடேறும். பாம்பு பருமனுள்ள செப்புக் குழாய்க்குள் வெப்பப் பதிவுக் கருவியை வைத்து, 30 டிகிரி செல்சியஸை எட்டும் மணிநேரத்தை எண்ணுங்கள். சிறிய உடல் குறுகிய வெயிலிலும் சட்டெனச் சூடேறும். பெரிய உடல் நீண்ட பட்டினிக்குக் கூடுதல் கொழுப்பு சேர்க்கும். இரண்டும் எதிரெதிரே இழுப்பதால், குளிர்ப் பகுதியில் உடல் பெரிதாகும் என்று வெப்ப இரத்தப் பிராணிகளுக்காக 1847-இல் பெர்க்மன் சொன்ன விதி இங்கே பொருந்தாமல் போவது இயல்பு.

கடைசியாக வயது. தலைச் செதில் அமைப்பைப் படம் எடுத்துவைத்து, அடுத்த ஆண்டு அதே பாம்பை மீண்டும் அளங்கள். ஆண்டு வளர்ச்சி இயல்பாக இருந்தும் சராசரி சிறியதாக இருந்தால், அங்கே முதிய பாம்புகள் தப்பிப் பிழைக்கவில்லையா என்று தேடுங்கள்.