கார்டன் டிராக்டர் மின்கிளட்ச்: புதிது வாங்கும் முன் நடக்கும் தவறுகள்

ஏப்ரல் கடைசியில் ஓஹியோவில் புல் கணுக்காலைத் தாண்டும். அந்த வாரமே எனக்குப் போன் வந்துவிடும். "அண்ணா, பிளேடு சுத்த மாட்டேங்குது. கிளட்ச் போயிடுச்சு. புதுசு ஆர்டர் பண்ணிட்டேன்." இந்த வருஷம் இரண்டு பேர். இரண்டு தம்பிகளும் ஒரு ஏக்கருக்கு மேல் நிலத்தோடு வீடு வாங்கி, வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய கார்டன் டிராக்டரையும் (உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் சின்ன டிராக்டர்) சேர்த்து வாங்கியவர்கள். இருவருமே பத்து வருஷத்துக்கு முன் நான் செய்ததை வரி பிசகாமல் செய்கிறார்கள். சாவியைத் திருப்பாமல் "ஸ்டார்ட் ஆகல" என்பது போன்ற சின்ன விஷயங்களை விட்டுவிடுகிறேன். பணத்தைத் தின்னும் தவறுகள் மட்டும் இங்கே.

முதலில் பிளேடைச் சுற்ற வைக்கும் இந்த மின்கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டோடு ஒரு ரோட்டர் எப்போதும் சுற்றும். அதன் எதிரே, ஒரு முடியளவு இடைவெளி விட்டு, பெல்ட் புல்லியோடு சேர்ந்த இரும்புத் தட்டு நிற்கும். கிளட்சுக்குள் இருக்கும் காயிலில் (செம்பு வயர்ச் சுருள்) கரண்ட் பாய்ந்தால் காந்தம் தட்டை ரோட்டரோடு ஒட்ட வைக்கும், பிளேடு சுற்றும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் தட்டைப் பின்னுக்கு இழுத்து பிரேக்கில் உரச வைக்கும், பிளேடு நிற்கும். பிடிப்பு முழுக்க அந்தக் காந்தத்தின் பலத்தில்தான் இருக்கிறது.

"மீட்டரில் பன்னிரண்டரை வோல்ட் காட்டுதே!"

இன்றுவரை என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்.

அன்று என் டிராக்டரில் உயரமான புல்லுக்குள் போனதும் பிளேடு திணறும், கிளட்ச் வழுக்கும், ஒரு கருகல் வாடை வரும். கிளட்சுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தேன். 12.5 வோல்ட். கரண்ட் சரியாக வருகிறது, ஆகவே கிளட்ச்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டினேன். 250 டாலருக்கு மேல் கொடுத்துப் புதியதை மாட்டினேன். பழையதை இரும்புக் கடையில் போட்டேன். இரண்டு வாரம் அருமையாக ஓடியது. மூன்றாவது வாரம் அதே திணறல், அதே வாடை. கழற்றிப் பார்த்தால் புதிய கிளட்சின் முகம் நீலம் பாரித்து, பேரிங் கிரீஸ் உருகி வெளியே வந்திருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பண்ணை இயந்திரங்கள் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட ஒரே கேள்வி: "கனெக்டரைக் கழற்றி வைத்தா அளந்தாய்?"

அங்கேதான் கோளாறு. கனெக்டர் கழன்றிருக்கும்போது கரண்ட் பாய்வதே இல்லை. அரித்துப்போன ஸ்விட்சும் துருப்பிடித்த எர்த்தும் பாயும் கரண்டைத்தான் தடுக்கும், பாயாத கரண்டை அல்ல. ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட மீட்டருக்கு முழு வோல்ட்டைக் காட்டிவிடும். கிளட்சை மாட்டி, ஆன் செய்து, கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்து அளக்க வேண்டும். அப்படி அளந்தபோது பேட்டரி முனையில் 12.4, கிளட்சில் வெறும் 9.1.

காயிலின் தடை சுமார் 3 ஓம். 12.4 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்குச் சற்று மேல் பாயும், 9.1 வோல்ட்டில் மூன்றுதான். கால்பங்குதானே குறைவு என்று நினைக்கக் கூடாது. காந்தத்தின் இழுவிசை ஏறக்குறைய கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கால்பங்கு கரண்ட் குறைந்தால் பிடிப்பு பாதியாகிவிடும். பாதிப் பிடிப்பில் வழுக்கி வழுக்கித்தான் என் புதிய கிளட்ச் கருகியது. அநேகமாகப் பழையதில் ஒரு குறையும் இருந்திருக்காது. இரும்புக் கடையில் இருந்து அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை, இன்னொன்று வாங்கினேன்.

மீதி 3.3 வோல்ட் எங்கே போனது என்று தேடுவது எளிது. கிளட்ச் ஆனில் இருக்கும்போது மீட்டரை ஸ்விட்சின் இரண்டு காலிலும் வையுங்கள். நல்ல ஸ்விட்சில் அரை வோல்ட்கூட விழாது. என்னுடையதில் 2.1 விழுந்தது. அடுத்து, கிளட்சின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில்: 0.9. மற்றது வயர்களிலும் இருக்கை ஸ்விட்சிலும். காயிலை அணைக்கும் ஒவ்வொரு தடவையும் அது ஒரு பொறியைத் திருப்பி உதைக்கும், அதில் ஸ்விட்சின் முனைகள் கருகிக்கொண்டே வரும். இருபது டாலர் ஸ்விட்சும், எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டைச் சுரண்ட ஒரு உப்புத்தாளும் போதுமாக இருந்தது. இதை எஞ்சின் ஓடாமல், சாவி ஆனில், ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி வைத்தே செய்யலாம். பல டிராக்டர்களில் இருக்கையில் ஒருவர் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கிளட்சுக்குக் கரண்ட் போகாது.

இந்த வருஷம் போன் செய்த முதல் தம்பியின் டிராக்டரிலும் ஸ்விட்ச்தான். பார்சல் வருமுன் அளந்துவிட்டோம், கிளட்சைத் திருப்பி அனுப்பினான்.

சூடானால் விட்டுவிடும் கிளட்ச்

இரண்டாவது தம்பியின் கதை வேறு. காலையில் நன்றாகப் பிடிக்கும். அரைமணி நேரம் வெட்டியதும் பிளேடு தானாக நின்றுவிடும். அரைமணி ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும். இதைக் கேட்டதும் காயில் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் இடைவெளி கூடியிருக்கும், அவ்வளவுதான்.

முகம் தேயத் தேய ரோட்டருக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி விரிகிறது. காயிலின் செம்பு சூடேறினால் அதன் தடையும் ஏறும். 20 டிகிரியில் 3 ஓம் இருந்தது 100 டிகிரி செல்சியசில் 4 ஓமை நெருங்கும். கரண்ட் குறைந்த காந்தத்தால் அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க முடியாது.

வார்னர், ஒகுரா போன்ற நிறுவனங்களின் கிளட்சுகள் பலவற்றில் சுற்றிவர மூன்று சன்னல் துளைகளும் மூன்று நட்டுகளும் உண்டு. துளையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து நட்டை முறுக்க வேண்டும். பல மாடல்களுக்கு 0.012 முதல் 0.015 அங்குலம், உங்கள் கையேட்டில் உள்ளதே முடிவான அளவு. மூன்று இடமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது மாறும், ஆகவே இரண்டு சுற்று வாருங்கள். சில மாடல்களில் நட்டுக்குப் பதில் ஒரு ஷிம் துண்டு (மெல்லிய தகடு) இருக்கும், தேய்ந்தபின் அதை உருவினால் போதும். இரண்டாவது தம்பிக்கு இருபது நிமிட வேலை.

சுழல்தடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டுவது

காயில் கூடு எஞ்சினோடு சேர்ந்து சுற்றாமல் பிடிக்க ஒரு சின்னப் பட்டை இருக்கும். அது கொஞ்சம் ஆட வேண்டும். ஆடுகிறதே என்று போல்ட் போட்டு இறுக்கினால் பேரிங் கோணலாக உழைத்துச் சீக்கிரம் போகும். பட்டையே இல்லாமல் ஓட்டினால் கூடு சுற்றி, வயரைப் பிய்த்துக்கொண்டு வரும்.

இம்பாக்ட் ரென்ச்சில் முறுக்குவது

வேண்டாம். கிளட்சைப் பிடிக்கும் போல்ட்டுக்கு டார்க் ரென்ச் (முறுக்கு அளவைக் காட்டும் ரென்ச்), கையேட்டில் உள்ள அளவு.

சுத்தியல்

கிராங்க் ஷாஃப்டின் நுனியில் சுத்தியல் படவே கூடாது. கிளட்ச் துருப்பிடித்து வர மறுத்தால் ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள். எண்ணெய் உரசும் முகத்தில் படக்கூடாது. புதியதை மாட்டும்போது ஷாஃப்டில் ஆன்டி-சீஸ் (துருவில் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பசை) லேசாகத் தடவினால் அடுத்த தடவை இந்தப் பாடு இல்லை.

இருக்கை ஸ்விட்சை நேரடியாக இணைப்பது

வோல்ட் குறைகிறது என்று தெரிந்ததும் சிலர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஓட்டுபவர் விழுந்தால் பிளேடை நிறுத்துவது அந்த ஸ்விட்ச் ஒன்றுதான். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கெட்டுப்போனால் புதிதாக மாற்றுங்கள். நீண்ட பழைய வயரிங்கில் வோல்ட் விழுந்தால், ஃபியூசோடு ஒரு கார் ரிலேயை (சின்ன கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) கிளட்சுக்குப் பக்கத்தில் வைத்து, பழைய சுற்றை அந்த ரிலேயை இயக்க மட்டும் விடுங்கள். எல்லாப் பாதுகாப்பும் அப்படியே இருக்கும்.

புதியதை மாட்டியதும் புல்லுக்குள் பாய்வது

புதிய முகங்கள் ஒன்றோடொன்று பழக வேண்டும். நான் செய்வது: எஞ்சின் பாதி வேகத்தில், புல் இல்லாத இடத்தில், பத்து விநாடி ஆன், பத்து விநாடி ஆஃப், இப்படிப் பத்துத் தடவை. பிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டி இன்னொரு பத்து. ஆறியபின் இடைவெளியை மறுபடி ஃபீலர் கேஜில் பார்த்துவிட்டுத்தான் புல்லுக்குள் இறக்குகிறேன்.