நாட்டார் மரபைத் தழுவிய புதுக் கதையைக் காதால் கேட்கும் முறை

நாட்டார் கதைகளின் சாயலில் ஒருவர் புதிதாகப் புனைந்த சிறு மாயக்கதையை ஒலிப்பதிவாகக் கேட்கும்போது, அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருப்பதைக் காட்டிலும், எது திரும்பத் திரும்ப வருகிறது என்று காது கொடுப்பதே பலன் தரும்.

முதல் முறை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். கதையின் எழுத்து வடிவம் கையில் இருந்தாலும் மூடி வைத்துவிடுங்கள். கண் காதை முந்திக்கொண்டால், சொல்பவர் விடும் இடைவெளிகள் வீணாகும்.

தொடக்கத்தில் விதிக்கப்படும் தடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்த விளாடிமிர் பிராப் 1928-இல் வரிசைப்படுத்திய 31 செயல்களில், ஒருவர் வீட்டைவிட்டு நீங்குவதும், தடை விதிக்கப்படுவதும், அது மீறப்படுவதுமே முதல் மூன்று. ஆகவே "வடக்குக் கதவைத் திறக்காதே" என்று கேட்டதும், அது எப்போது, யாரால் திறக்கப்படும் என்பதில் கருத்தை வையுங்கள். கதையில் ஓநாய் பேசினால், அது எப்படிப் பேசுகிறது என்று கேட்க வேண்டாம். கதைக்குள் இருப்பவர்களே அதற்கு வியப்பதில்லை.

அடுத்தது மும்மை. நாட்டார் கதைகளில் நிகழ்ச்சிகள் மூன்று முறை வருவதையும், கடைசியாக வருபவருக்கே கதையின் பரிவு கிடைப்பதையும் டென்மார்க் அறிஞர் ஆக்செல் ஓல்ரிக் 1909-இல் விதிகளாகவே எழுதினார். கிணற்றடிக் கிழவி ஒருத்தி மூன்று சகோதரிகளிடமும் "என் தலையைக் கோதிவிடுவாயா?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். மூத்தவள் நேரமில்லை என்கிறாள். அடுத்தவள் கை அழுக்காகும் என்கிறாள். மரபுப்படி இளையவள் உடனே இணங்க வேண்டும். அவளோ, "கோதினால் உங்களுக்கு வலிக்குமா?" என்று திருப்பிக் கேட்டால், மரபு விலகி ஆசிரியர் பேசத் தொடங்கும் இடம் அதுதான். தேர்ந்த கதைசொல்லி முதல் இரண்டு முறையும் கேள்வியை ஒரே தொனியில் சொல்லி, மூன்றாவதில் மட்டும் குரலை மாற்றுவார். ஒவ்வொரு வரியையும் நடித்துக் காட்டி, பின்னணி இசையையும் கூட்டிவிடும் பதிவுகளில் இந்த அழகு அடிபட்டுப் போகிறது என்பது என் எண்ணம். வேறு பதிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

குழந்தைகளோடு கேட்டால், நடுவில் நீதி கேட்டுச் சோதிக்காதீர்கள். திரும்ப வரும் வரியை அவர்கள் கூடவே சொன்னால் சொல்லட்டும்.

இரண்டாம் முறை கேட்கும்போது, மரபிலிருந்து வந்தவற்றையும் புதியவற்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். மேற்சொன்ன கிழவி, பன்னாட்டுக் கதை வகை அட்டவணையில் 480 என்ற எண்ணில் அடங்கும், பரிவுள்ள பெண்ணையும் பரிவற்ற பெண்ணையும் பற்றிய கதைகளின் உறவுக்காரி. பின்லாந்து அறிஞர் ஆன்டி ஆர்னே 1910-இல் தொடங்கிய அந்த அட்டவணையின் துணையோடு மரபுக் கதைகளைத் தேடிப் படிக்கலாம்; ஆனால் கேட்டு முடித்த பிறகுதான், இல்லையெனில் ஒப்பிடுவதிலேயே கவனம் போய்விடும்.

இறுதியாக, கதையை யாருக்காவது நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். திரும்ப வரும் வரிகள் தாமாகவே நாவில் வரும். தடுமாறும் இடங்களை மட்டும் குறித்து, அந்தப் பகுதியை மீண்டும் ஒருமுறை ஓடவிட்டுக் கேளுங்கள்.