நனைத்துப் பார்த்து எடுங்கள்: சர்ஃப் போர்டில் துணி பதிக்கும் வேலை

அல்சூரில் நான் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். மேலே மொட்டை மாடியில் தம்பி சர்ஃப் போர்டு, அதாவது கடல் அலை மேல் நின்று சறுக்குகிற பலகை, செய்கிறான். பெங்களூரிலிருந்து கிழக்கே சென்னைப் பக்கம் கோவளம் போனாலும் மேற்கே மங்களூர்ப் பக்கம் முல்கி போனாலும் கடல் சுமார் 350 கிலோமீட்டர். "கடலே இல்லாத ஊர்ல இதை யாருடா வாங்குவா?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிற பிள்ளைகள் வாங்குகிறார்கள். ஒருநாள் அவன், "அக்கா, உன் வெட்டுத் துணியில நல்லதா ஒண்ணு குடு, போர்டு மேல பதிச்சுப் பாக்கலாம்" என்றான். இப்போது 11 போர்டு ஆகிவிட்டது. பார்த்தவர்கள் எப்படி என்று கேட்கிறார்கள். இதில் பாதி ரெசின் (ஊற்றினால் இறுகிப்போகிற பிசின்) வேலை, மீதி தையல்காரி வேலை. ரெசின் பற்றிச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நான் துணிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், எது எதன் மேல் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அடியில் இழைத்துத் தேய்த்த தெர்மாகோல். அதன் மேல் துணி, துணியின் மேல் ஃபைபர் கிளாஸ் என்கிற கண்ணாடி இழைத் துணி (கிளாஸ் என்றே சொல்வோம்), கடைசியில் ரெசின் பூச்சு. துணி அழகுக்கு மட்டும்தான். பலம் முழுக்க ஃபைபர் கிளாஸில் இருக்கிறது. "துணி போட்டாச்சே, கிளாஸை ஒரு சுற்று குறைக்கலாமா" என்று கேட்காதீர்கள், குறைக்கக் கூடாது. அதே போல தெர்மாகோல் என்றால் எப்பாக்ஸி ரெசின் மட்டுமே. பாலியஸ்டர் ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும்.

இனி துணி. மெல்லிய, நெருக்கமாக நெய்த பருத்திதான் வேண்டும். மல், வாயில், பாப்ளின், பழகிப்போன சுங்கடிச் சேலை, லுங்கி எல்லாம் சரி. கடைக்காரர் "ப்யூர் காட்டன்" என்று சத்தியம் செய்வார். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகி, முனையில் கடுகு போல உருண்டால் பாலியஸ்டர் கலந்தது. அது ரெசினை ஒழுங்காகக் குடிக்காது, அடியில் காற்றுக் கொப்புளம் விடும். ஜரிகைக் கரையும் வேண்டாம். அந்த இடத்தில் துணி தடித்துத் தூக்கி நிற்கும், மேலே கிளாஸ் படியாது.

புதுத் துணியானால் கஞ்சி போக வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றுகிற கம்ஃபர்ட் வகையறா கூடாது. நன்றாகக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். மடிப்புக் கோடு ஒன்று தப்பினாலும் ரெசினுக்கு அடியில் காலத்துக்கும் கிடக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். துணியைக் காய்ந்த நிலையில் பார்த்து மயங்காதீர்கள். ரெசின் குடித்த பருத்தி, ஈரத்துணி மாதிரி: நிறம் ஒரு படி கறுக்கும், வெளிர் நிறங்கள் கண்ணாடியாகிவிடும். சிக்பேட்டையில் துணி எடுக்கும்போது ஓரத்தைத் தண்ணீரில் நனைத்து வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்ப்பேன். கடைப் பையன்கள் முறைப்பார்கள், பரவாயில்லை. அப்போது தெரிகிற நிறம்தான், கிட்டத்தட்ட, போர்டில் வரப்போகிற நிறம். அடர் சிவப்பு, இண்டிகோ என்றால் நனைத்த துண்டை வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். சாயம் இறங்கினால் தள்ளிவையுங்கள். அதோடு விடாமல், வீணான தெர்மாகோல் துண்டு ஒன்றில் அதே ரெசின் போட்டு ஒரு கையகலம் பதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இதை நான் கற்றது இரண்டாவது போர்டில். இளமஞ்சள் வாயில் துணி, பார்க்க அவ்வளவு அழகு. ரெசின் ஊற்றியதும் மஞ்சள் மறைந்து, தம்பி தெர்மாகோல் மேல் பென்சிலால் போட்டிருந்த கணக்கு முழுதும் பளிச்சென்று மேலே வந்துவிட்டது. 6 அடி 4 அங்குலம், பக்கத்தில் ஒரு அடித்தல், அதற்குப் பக்கத்தில் யாருடைய போன் நம்பரோ. சுங்கடியில் வெள்ளைப் புள்ளி ஒவ்வொன்றும் இப்படி ஒரு ஜன்னல்தான். ஆகவே துணி வரும் இடத்தில் பென்சில் கோட்டைத் தேய்த்து எடுங்கள். பட்டி பார்த்த இடம் வேறு நிறமாகத் திட்டுத் திட்டாக இருந்தால், அடர்த்தியான பிரின்ட் எடுங்கள்.

எங்கே பதிப்பது? மேல்பக்கம் நடுவில் கால் வழுக்காமலிருக்க வேக்ஸ் தேய்ப்பார்கள், படம் மறைந்துவிடும். மூக்குப் பக்கமும் வால் பக்கமும்தான் கண்ணில் படும். அடிப்பக்கம் முழுதும் பதித்தால் கையில் தூக்கிக்கொண்டு போகும்போது எல்லோரும் பார்ப்பார்கள். கறுப்பு, கருநீலத்தைப் பெரிய பரப்பில் போட வேண்டாம். வெயிலில் சூடேறி, உள்ளே தெர்மாகோல் விரிந்து, மேலே உள்ள கிளாஸ் கழன்றுவிடும்.

வெட்டுவதில் தையல் கணக்கு வருகிறது. கட்டம், கோடு போட்ட துணியை நேர் இழையில், போர்டின் நடுக்கோட்டோடு பொருத்தி வையுங்கள். விரல் அகலம் கோணினாலும் போர்டே கோணலாகத் தெரியும். ஓரம் வளைந்து இறங்கும் இடத்துக்கு மட்டும் கிராஸ் துண்டு, அதாவது இழைக்கு மூலைவாட்டில் வெட்டிய துண்டு. கிராஸில் வெட்டிய துணி இழுத்த இழுப்புக்கு வளையும், கொசுவம் விழாது. ஆனால் கிராஸில் கட்டம் போட்டால் ரெசினைத் தள்ளும்போது கட்டம் பாம்பாகிவிடும்.

பதிக்கும் நாள். மாஸ்கிங் டேப்பால் வடிவத்தை ஒட்டுங்கள். துணி டேப்பைத் தாண்டி இரண்டு விரல் வெளியே இருக்கட்டும். துணியை எடை போட்டு, அதைப் போல இரண்டு மடங்கு ரெசின் கலக்குவது என் கணக்கு. மிச்சத்தைத் தள்ளி எடுத்துவிடலாம். ரெசினை இறுகவைக்கிற ஹார்டனரின் அளவு டப்பாவில் போட்டபடி, தராசில். கண் அளவு வேண்டாம். துணியைப் பாதி மடித்து, அடியில் கொஞ்சம் ரெசின் தடவி, மேலே படுக்கவைத்து மீதியை ஊற்றுங்கள். பிறகு ஸ்க்வீஜி என்கிற ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். அழுத்தாதீர்கள், இழை நகரும். வெளுத்துத் தெரிகிற இடம் எல்லாம் காற்று.

வெயில் ஏறும் நேரத்தில் இதைத் தொடங்கக் கூடாது. தெர்மாகோலுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து துணிக்கு அடியில் குமிழ் விடும். சூடு இறங்கும் நேரம்தான் சரி. நாங்கள் நாலரை மணிக்கு மேல்தான் தொடங்குவோம். டிசம்பர் ராத்திரி குளிரில் ரெசின் தேனாகக் கெட்டிப்பட்டு அடம்பிடிக்கும். அதனால் அந்த மாதம் ஷட்டர் சாத்திய கடைக்குள்ளேயே செய்கிறோம். கலந்த ரெசினைக் குவளையில் விட்டுவிட்டுப் பேச்சுக்குப் போகாதீர்கள். தானே சூடேறிப் புகையும். அகலத் தட்டில் ஊற்றினால் நேரம் கிடைக்கும்.

கையுறை, மூக்குக்கு ரசாயன ஆவி தடுக்கும் மாஸ்க் இரண்டும் கட்டாயம். எனக்கு மணிக்கட்டில் ஒருமுறை தடித்து, ஒரு வாரம் ஊசியே பிடிக்க முடியவில்லை. தோல் ஒருமுறை எப்பாக்ஸிக்கு ஒவ்வாமல் போனால் பிறகு கொஞ்சம் பட்டாலும் அரிக்கும்.

ரெசின் ரப்பர் பதத்துக்கு வந்ததும் புது பிளேடால் டேப்பின் மேலேயே வெட்டி, டேப்போடு சேர்த்து உரியுங்கள். முன்னால் வெட்டினால் நூல் பிரியும், பின்னால் வெட்டினால் கல். பிளேடு தெர்மாகோலைத் தொடக் கூடாது. துணி மேல் உப்புத்தாள் போடவே போடாதீர்கள். சாயம் உரிந்து வெள்ளைப் பஞ்சு எழும்பும், அதற்கு மருந்தில்லை. முடிந்தால் அன்றைக்கே, ஒட்டும் பதம் இருக்கும்போதே, கிளாஸ் போட்டுவிடுங்கள். மறுநாள்தான் என்றால், மழைக்கால ஈரத்தில் மேலே மெழுகு போலப் படிந்திருக்கும்; தண்ணீரில் துடைத்துக் காயவைத்துப் பிறகு போடுங்கள். கிளாஸும் அடுத்த பூச்சும் ஏறி, தேய்த்த பிறகு, துணி ஓரத்தை மறைக்க மெல்லிய அக்ரிலிக் கோடு ஒன்று இழுத்து அதற்கும் மேல் கடைசிப் பூச்சு. பிளவுஸுக்கு பைப்பிங் வைக்கிற மாதிரிதான்.

வெட்டியது போக அதே துணியில் ஒரு கையகலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாறையில் இடித்து ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போட அதே பிரின்ட் அப்புறம் சிக்பேட்டை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. நான் அதைப் போர்டுப் பையின் உள்பக்கம் சின்ன ஜேபி வைத்துத் தைத்து, அதிலேயே மடித்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.