பாம்புச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஜார்ஜிய நாவல் வாசிப்பது எப்படி?

பாம்பன் பக்கம் பனையோலைக் கட்டைப் பிரிக்கும்போது சில நேரம் உள்ளே பாம்புச் சட்டை கிடக்கும்; கண் இருந்த இடத்தில்கூட மெல்லிய மூடியொன்று அப்படியே ஒட்டியிருக்கும். ஜார்ஜிய எழுத்தாளர் கிரிகோல் ரொபாகிட்ஸே 1926இல் வெளியிட்ட நாவலைத் தொடங்குமுன் அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அந்நாவலின் பெயரான 'க்வேலிஸ் பேராங்கி' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பாம்பின் சட்டை என்றே பொருள். ஆங்கிலத்தில் அது தோலாகிவிடுவதால், உடுத்திக் கழற்றுவது என்ற குறிப்பு போய்விடுகிறது. நமக்கு அந்த நஷ்டம் இல்லை.

முதல் வாசிப்பில் தொன்மத்தைத் தேடாதீர்கள். நாயகனின் பெயரும் குடும்பமும் பேசப்படும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே செல்லுங்கள். அந்நியன் போலத் திரியும் ஆர்ச்சிபால்ட் மேகேஷ், தான் மகாஷ்விலி என்னும் ஜார்ஜியக் குடும்பத்துப் பிள்ளை என்று அறிவதே கதையின் முதுகெலும்பு என்பதால், குறித்த இடங்களை அடுக்கினாலே எந்தச் சட்டை எப்போது கழல்கிறது என்பது தெரிந்துவிடும்.

தத்துவத்துக்கு, ஜெர்மன் தத்துவவாதி நீட்சே 1872இல் வெளியிட்ட 'துன்பியலின் பிறப்பு' நூலின் தொடக்கப் பகுதிகள் போதும். வடிவமும் அளவும் தரும் அப்பல்லோ, களியாட்டத்தில் எல்லைகளைக் கரைக்கும் தியோனிசஸ் என்ற இரண்டு கிரேக்கத் தெய்வங்களும் பிடிபட்டால், இன்னொரு ஜார்ஜிய எழுத்தாளரான கான்ஸ்தந்தின் கம்சகுர்தியாவின் 'தியோனிசஸின் புன்னகை' (1925) நாவலும் திறந்துகொள்ளும். அதன் நாயகன் சாவர்சாமிட்ஸே பாரிஸில் வேரற்று அலைபவன். அவனுக்குக் களியாட்டத் தெய்வம் ஊரைத் திருப்பித் தருவதில்லை. 1918இல் விடுதலை பெற்ற ஜார்ஜியா 1921இல் சோவியத் ரஷ்யாவின் செம்படையிடம் வீழ்ந்ததை இவ்விடத்தில் நினைவில் வைக்காவிட்டால், புன்னகை வெறும் அலங்காரமாகத் தோன்றும்.

'க்வேலிஸ் பேராங்கி'யின் இரண்டாம் வாசிப்பில்தான் தொன்மத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு தெய்வத்துக்கும் இராமாயணத்தில் ஈடு தேடுவது வீண் வேலை. எங்கள் வாசகர் வட்டத்திலும் முதல் மாதம் அதில்தான் கழிந்தது. அதற்குப் பதில் தனுஷ்கோடியை நினையுங்கள். இராமனின் வில்முனை என்று பெயர் சொல்லும் அதே மணலில் 1964 புயல் சிதைத்த தேவாலயச் சுவர் நிற்கிறது; ஒன்று மற்றதை விளக்குவதில்லை, ஆனால் பிரித்துப் பார்க்கவும் முடிவதில்லை. நாவலில் பழங்கதையும் அன்றைய அரசியலும் ஒரே பத்தியில் அப்படி உரசும் இடங்களுக்கு ஓரத்தில் கோடிட்டு, அவற்றை மட்டும் மறுபடி உரக்க வாசியுங்கள்.