கிருஷ்ணகிரி மொட்டைமாடியிலிருந்து கடல்மேல் பறக்கும் விமானங்களைக் கேட்க

பெங்களூருக்கு இறங்கும் விமானம் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலை நேர்கோட்டில்தான் போகும், நடுக்கடலுக்கு எட்டாது. அங்கே விமானி சிற்றலைக்கு மாறுவார். அது சுமார் 300 கி.மீ. உயரத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நம் மாடிக்கும் வரும். பகலில் 8879, 10066 கிலோஹெர்ட்ஸ், இருட்டினால் 5634, 6556. ரேடியோவை யூ.எஸ்.பி. (அப்பர் சைடுபேண்ட்) மோடில் வையுங்கள், ஏ.எம்.மில் வைத்தால் வெறும் முணுமுணுப்புதான்.

8879-க்கு டைபோல் போதும், அதாவது நடுவில் பிரித்து இரு பக்கமும் சம நீளத்தில் இழுத்துக் கட்டிய கம்பி. 71.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஒரு பக்க நீளம் 8.05 மீட்டர், உறை போட்ட 1.5 சதுர மி.மீ. ஒயரிங் கம்பி என்றால் 7.8 மீட்டர். உயரம் 8 மீட்டராவது வேண்டும். தென்னையில் கட்டினால் காற்றில் கம்பி அறுந்துவிடும். கயிற்றை ஒரு கப்பியில் விட்டு முனையில் அரைச் செங்கல் தொங்கவிடுங்கள். செங்குத்து ஆன்டெனா இங்கே தேறாது: அடியில் கருங்கல் பாறை, எர்த் கம்பியும் இறங்காது, தரையும் மின்சாரம் கடத்தாது.

நடுவிலிருந்து கேபிள் டி.வி. ஒயர், ஆர்ஜி-6. அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் ஒட்டாது. ஸ்குரூ கனெக்டரில் முறுக்கிவிடுங்கள். இணைப்புக்குக் கீழே ஒயரை 15 செ.மீ. வட்டமாகப் பத்துச் சுற்று சுற்றினால் வீட்டு இரைச்சல் ஏறிவராது.

விமானம் வேகமாகப் போவதால் அலைவரிசை விலகுமே என்பார்கள். மணிக்கு 900 கி.மீ. என்றாலும் 8879-இல் விலகல் 7 ஹெர்ட்ஸ்தான். ஒலியைப் போல மும்மடங்கு வேகத்தில் போனாலும் 30 ஹெர்ட்ஸ் வாக்கில்தான். மலிவான ரேடியோ 20 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 20 பங்கு, பிசகினாலே 178 ஹெர்ட்ஸ். குரல் வாத்து மாதிரி கேட்டால் பழி விமானத்தின்மேல் இல்லை, ஃபைன் டியூனிங்கைத் திருப்புங்கள்.

மாலை ஏழு முதல் பதினொன்று வரை, மார்ச், செப்டம்பர் வாக்கில், பேச்சு படபடவென நடுங்கும். காந்தப் பூமத்திய ரேகை நமக்குத் தெற்கே திருநெல்வேலிப் பக்கம் போகிறது. பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலம் அங்கே கலைந்து குமிழ்விடும். ஆன்டெனாவைக் குறை சொல்லாதீர்கள். இரைச்சல் சரசரவென்று ஓயாமல் இருந்தால் மட்டும் மெயினை அணைத்து பேட்டரியில் கேளுங்கள், பெரும்பாலும் எல்.இ.டி. பல்புதான்.

திடீரென இரட்டை இரட்டையாக இரண்டு ஓசை ஒலித்தால் அது செல்கால். விமானி இரைச்சலைக் கேட்டுக்கொண்டே உட்காரமாட்டார். தரைநிலையம் அனுப்பும் அந்த ஓசைதான் அவருடைய காக்பிட்டில் மணியடிக்கும். கேட்பதோடு நிறுத்துங்கள், இந்த அலைவரிசையில் பதில் பேசுவது குற்றம்.

சித்திரை, வைகாசி இடிமழைக்கு மேகம் கறுக்கும்போதே ஒயரை ரேடியோவிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள்.